எண்ணூருக்கு ஒரு ஜல யாத்திரை

சென்ற கோடை விடுமுறையில் நம் அண்டை வீட்டார் குடும்ப சமேதராய் ரிஷிகேசம் போய் வந்தார்கள். கங்கா ஸ்நானம் செய்து, சொம்பில் தீர்த்தம் கொண்டு வந்து, தெருவில் ஆளுக்கோர் உத்தரணி வீதம் விநியோகமும் செய்தார்கள். இது வரையில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் தீர்த்தத்தோடு கைபேசியில் ஒரு படமும் கொண்டு வந்தார்கள். அதனால்தான் நமக்குச் சங்கடம் வந்தது.

படத்தில் ஒரு ரப்பர் தெப்பம். உள்ளே காற்றடைத்தது. அதன் இரு பக்கமும் அண்டை வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையில் கவசம், மார்பில் மிதவைச் சட்டை, கையில் துடுப்பு. நுரை கக்கும் கங்கையில் அந்தத் தெப்பம் ஒரு கணம் ஆகாயத்தை நோக்குகிறது. மறு கணம் பாதாளத்தை நோக்குகிறது. வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக் கொள்ளும் நம் சிநேகிதர், அந்தப் படத்தில் வாய் கொள்ளாமல் சிரித்துக் கொண்டிருக்கிறார். இதற்கு 'ராஃப்டிங்' என்று பெயராம்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. படத்தை மூன்று தரம் பார்த்தாள். பிறகு, "அப்பா! நம்ம ஊரிலேயும் ஆறு இருக்கே; அதிலே ஒரு நாள் போய்விட்டு வரலாமே?" என்று கேட்டாள்.

'சென்னைக்கு மூன்று ஆறுகள் உண்டு. அவை கொசஸ்தலை, கூவம், அடையாறு' என்று இருபது வருஷ காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து ஜீவனம் நடத்தி வருகிறவர் நாம். ஆறு இல்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை. அந்த மூன்றில் முதலாவது, நாம் குடியிருக்கும் வடசென்னையிலேயே எண்ணூரில் கடலில் கலக்கிறது. தூரம் என்று சொல்லவும் வழியில்லை. ஆகவே, ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக் கொண்டு யாத்திரைக்குத் திட்டம் போட உட்கார்ந்தோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக் கொள்ள வேண்டும். ஆறு நுரைத்துப் பாய்வதற்குச் சரிவு, பாறை, ஏராளமான நீர் ஆகிய மூன்றும் வேண்டும். கங்கை இமயத்திலிருந்து இறங்கும் இடத்தில் மூன்றும் இருக்கின்றன. கன்னட நாட்டில் தாண்டேலிக்கு அருகில் காளி நதியிலும், மகாராஷ்டிரத்தில் கோலாடுக்கு அருகில் குண்டலிகா நதியிலும் இருக்கின்றன. இப்படிப் பாயும் நீரை அதன் உக்கிரத்தைப் பார்த்து ஒன்று முதல் ஆறு வரை வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் குழந்தைகள் போகலாம். ஆறாம் வகுப்பில் உயிர் மேல் ஆசையுள்ள யாரும் போகலாகாது. நம் கொசஸ்தலையோ சமதரையில், பாறை என்ற பேச்சே இல்லாமல், யாருக்கும் அவசரமில்லை என்ற பாவனையில் நடக்கிற ஆறு. ஒன்றாம் வகுப்பில் சேரக்கூட அதற்கு லாயக்கில்லை.

இதைக் கேட்டு நம் பெண்ணின் முகம் வாடியது. "பரவாயில்லை, குழந்தாய்! தெப்பம் நமக்குப் புதிதல்ல. நம் கோயில் குளங்களில் ஸ்வாமி தெப்பத்தில் ஏறினால் நிதானமாகத்தான் சுற்றி வருகிறார். நாமும் அப்படியே போவோம்" என்று சமாதானம் சொன்னோம்.

வேடிக்கைக்காகச் சொன்னாலும் விஷயம் உண்மைதான். உல்லாசமாகப் படகில் போவது தமிழனுக்கு மேல்நாட்டார் கற்றுக் கொடுத்த வித்தையல்ல. 'கட்டுமரம்' என்ற சொல்லையே அவர்கள் நம்மிடமிருந்துதான் எடுத்துக் கொண்டு போனார்கள். சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டும் வேலை 1806-ஆம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று. அதுவே வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1877-78 பஞ்சத்தில் பட்டினியால் வாடிய ஜனங்களின் கைகளால் நகருக்குள்ளும் வெட்டப்பட்டு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. விறகும் உப்பும் அதன் வழியாகவே நகருக்கு வந்தன. 1934-இல் பாரதிதாசன் சிநேகிதர்களோடு அக்கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டு அந்தப் பிரயாணத்தில் பிறந்ததுதான். எண்ணூரும் ஒரு காலத்தில் சென்னையிலிருந்த வெள்ளைக்கார துரைமார்கள் காற்று வாங்கவும் படகு விடவும் விரும்பி வந்த ஸ்தலம். ஆகவே, நம் யோசனை அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனமானதல்ல என்று மனத்தைத் தேற்றிக் கொண்டு மேலே சென்றோம்.

நகரத்துக்கு நடுவிலேயே நுரையாற்றில் தெப்பம் விடுகிற ஊர் உலகத்தில் எங்காவது உண்டா என்று தேடியபோது ஓர் ஊர் அகப்பட்டது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் உள்ள கொலம்பஸ் என்னும் நகரம் அது. சட்டஹூச்சி என்ற நதிக் கரையில் இருக்கிறது. பெயரை ஒரே மூச்சில் உச்சரிப்பதே ஒரு ராஃப்டிங்தான். அங்கே சென்ற நூற்றாண்டுகளில் நூல் மில்களும் நெசவு மில்களும் ஏற்பட்டன. மில் யந்திரங்களைச் சுழற்றுவதற்காக நதியின் குறுக்கே அணைகள் போட்டார்கள். பாறைகள் முழுகின, நீர் தேங்கியது. பிற்பாடு மில்களின் காலம் முடிந்த பிறகும் அணைகள் மட்டும் நின்றன. ஊரார் யோசித்தார்கள். 2012-ஆம் வருஷத்தில் ஓர் அணையையும் 2013-இல் இன்னோர் அணையையும் உடைத்தார்கள். முழுகிக் கிடந்த பாறைகள் வெளியே வந்தன. நதி மறுபடியும் பாய்ந்தது. இப்போது ஊர் நடுவிலேயே சுமார் இரண்டரை மைல் தூரத்துக்குத் தெப்பம் போகிறது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து காலையில் இறங்கி மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

அந்த ஊருக்கு யாத்திரை போகிறவர்கள் முன்னதாக விசாரித்துக் கொள்ளும் கேள்விகள் இரண்டு. முதலாவது, நீர் எப்போது வரும்? மேலே மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளிலிருந்து நீர் விடும் நேரத்தைப் பொறுத்தே அங்கு நதி சாதுவாகவோ முரடாகவோ இருக்கும். இரண்டாவது, வழிகாட்டி யார்? இவ்விரண்டு கேள்விகளையும் காகிதத்தில் எழுதி, நம் கொசஸ்தலைக்குப் பதில் எழுத ஆரம்பித்தோம்.

நீர் எப்போது வரும்? இந்தக் கேள்விக்குப் பதில் பூண்டியில் இருக்கிறது. சென்னை மாநகருக்குக் குடிநீர் வேண்டுமென்று பாடுபட்ட தேசபக்தர் சத்தியமூர்த்தி, 1939-இல் மேயராக இருந்தபோது, கொசஸ்தலையின் குறுக்கே அணை கட்டும் காரியத்தை முன்னின்று தொடங்கினார். 1943-இல் காலமானார். 1944-இல் அணை முடிந்தது. தாம் நினைத்த நீர் தேங்கியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் பெயர் மாத்திரம் 'சத்தியமூர்த்தி சாகரம்' என்று அங்கே நிலைத்து நிற்கிறது. 3,231 மில்லியன் கன அடி நீர் அதில் கொள்ளும். அந்த நீர் சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் போய் நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. ஆகவே, பூண்டிக்குக் கீழே ஆற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அணை நிரம்பி வழியும் உபரிதான். அது வருகிற வேகமோ வேறு. 2015-லும் 2021-லும் ஆறு தானாகவே மணலி புதுநகர் வீடுகளுக்குள் விருந்தாளியாக நுழைந்தது. அந்த மாதங்களில் உல்லாசப் பிரயாணம் என்ற நினைவே கூடாது.

மற்ற மாதங்களில் எண்ணூரில் ஆற்றுக்கு நீர் கொடுப்பது சமுத்திரம். சுமார் ஆறேகால் மணி நேரம் கடல் உள்ளே ஏறும். அவ்வளவே நேரம் வெளியே வற்றும். இந்த ஏற்றமும் வற்றமும் தினந்தோறும் ஏறக்குறைய 50 நிமிஷம் பிந்தும். பஞ்சாங்கத்தில் ராகு காலம் பார்ப்பவர்கள் இங்கே திதியைப் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும். தை முதல் பங்குனி வரையில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, ஏற்றத்தோடு முகத்துவாரத்திலிருந்து உள்ளே போய், வற்றத்தோடு திரும்ப வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொண்டோம்.

வழிகாட்டி யார்? இந்த விஷயத்தில் சிக்கனமும் அசட்டுத் தைரியமும் உதவா. 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று, எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு ஒன்று கவிழ்ந்து, குழந்தைகள் உள்பட இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் துக்கத்தை நினைத்துக் கொண்டே சில நிபந்தனைகள் விதித்துக் கொண்டோம். ஆளுக்கொரு மிதவைச் சட்டை வேண்டும். படகோட்டி சொல்லும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தைகூட ஏறக் கூடாது. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகக் கூடாது. காற்று கிளம்புவதற்கு முன் கரைக்கு வந்துவிட வேண்டும். பிறகு, எண்ணூர்க் குப்பம் ஒன்றில் நமக்குத் தெரிந்த மீனவப் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனோம். அவருடைய பேரன் நம்மிடம் படித்தவன்.

பெரியவர் நம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க, வாத்தியாரய்யா! ஒண்ணே ஒண்ணு விட்டுப் போச்சு" என்றார்.

"என்ன, பெரியவரே?"

"தண்ணியிலே என்ன இருக்குதுன்னு எழுதலியே?"

மூன்றாவது கேள்வி இது. சட்டஹூச்சிக்காரர்களைக் கேட்டு நாம் எழுதிய பட்டியலில் இது இல்லை. "நேரிலேயே பாருங்க. ஞாயித்துக்கிழமை விடியக் காலையிலே வாங்க, குழந்தையையும் கூட்டிட்டு வாங்க" என்றார் பெரியவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் கிளம்பிய ராயபுரத்தையும், தியாகராஜ ஸ்வாமி கோயில் கொண்ட திருவொற்றியூரையும் கடந்து, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கினோம். பெரியவர் இரண்டு மிதவைச் சட்டைகளோடு காத்திருந்தார். படகில் அவரையும் நம்மையும் பெண்ணையும் தவிர வேறு யாரும் இல்லை.

ஏற்றம் ஆரம்பமாகியிருந்தது. பெரியவர் சொன்னபடி துடுப்புக்குப் பாதி வேலைதான். மீதி வேலையைச் சமுத்திர ராஜனே செய்தான். அதிகாலை வெளிச்சத்தில் கழி அழகாகத்தான் இருந்தது. கரையோரம் அலையாத்திச் செடிகள் சில இன்னும் தப்பி நின்றன. நாரைகள் தவம் செய்து கொண்டிருந்தன. கூழைக்கடா ஒன்று நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'இவர்கள் மீன் பிடிக்க வந்தவர்களல்ல' என்று தீர்மானித்துக் கொண்டு முகத்தைத் திருப்பிக் கொண்டது. நம் பெண்ணுக்கு ரிஷிகேசம் மறந்தே போய்விட்டது. படகின் ஓரத்தில் குனிந்து, குழந்தைகள் எல்லோரும் செய்வதையே செய்யப் போனாள். அதாவது, தண்ணீரில் கையை விடப் போனாள்.

"கையை விடாதே, பாப்பா!" என்றார் பெரியவர்.

அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அறுபது வருஷமாக இந்த நீரிலேயே முழுகி எழுந்த மனிதர் ஒரு குழந்தையைப் பார்த்துச் சொல்லக் கூடிய வார்த்தையா அது? குழந்தை கையை எடுத்துக் கொண்டு நம் முகத்தைப் பார்த்தாள். நாம் கூழைக்கடாவைப் பார்த்தோம்.

பெரியவர் மூங்கில் கோலை நீரில் ஊன்றி எடுத்துக் காட்டினார். நுனியில் சிமெண்டுக் குழம்பைப் போன்ற சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. "எங்கப்பா காலத்திலே இந்த இடத்திலே கோல் முழுசும் உள்ளே போகும். இறால் இருக்கும், நண்டு இருக்கும், மடவை துள்ளிப் படகிலேயே வந்து விழும். இப்போ கோல் போற ஆழத்துக்குச் சாம்பல்தான் இருக்குது" என்றார்.

சாம்பல் எப்படி ஆற்றுக்கு வருகிறது என்பது ரகசியமல்ல. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் மிஞ்சும் சாம்பலை நீரோடு கலந்து குழம்பாக்கி, நீண்ட குழாய்கள் மூலம் சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து ஒழுகினால் குழம்பு ஆற்றில் விழுகிறது. விழுந்தது அடியில் படிகிறது. படியப் படிய ஆறு மேடாகிறது. மேடான ஆற்றில் ஏற்றத்தின் நீர் உள்ளே ஏற முடியாது. மழைக் காலத்து வெள்ளம் வெளியே போகவும் முடியாது. ஆக, இறால் போன காரணமும் மணலி புதுநகருக்குள் வெள்ளம் தங்கும் காரணங்களில் ஒன்றும் அந்தக் கோல் நுனியில் ஒட்டிக் கொண்டிருந்தன.

சாம்பலோடு முடிந்துவிடவில்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று. அதை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இதே முகத்துவாரத்துக்கு வந்தது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் வெள்ளைச் சிறகும் கறுத்தது. "அப்போ படகைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினோம், அய்யா! படகைக் கழுவலாம். ஆத்தை எதிலே கழுவறது?" என்று கேட்டார் பெரியவர். நம்மிடம் பதில் இல்லை.

வற்றம் ஆரம்பித்ததும் திரும்பினோம். கூலி கொடுக்கப் போனபோது பெரியவர் வாங்க மறுத்தார். "அடிக்கடி வாங்க, அய்யா. நாலு பேர் வந்து பார்த்தாத்தான் இதை ஆறுன்னு சொல்லுவாங்க. யாரும் வராட்டி, சும்மா கிடக்கிற இடம்னு நினைச்சுக் கொட்டிட்டுப் போயிடறாங்க" என்றார்.

வீடு திரும்பி வெகு நேரம் இந்த வார்த்தைகளை யோசித்துக் கொண்டிருந்தோம். ஒரே நதிக்கு நாம் இரண்டு விதமான மரியாதை செய்து வருகிறோம். பூண்டியில் அதைக் கும்பிட்டுக் குடிக்கிறோம். எண்ணூரில் அதன் மேல் குப்பையைக் கொட்டுகிறோம். மின்சாரம் வேண்டாம், துறைமுகம் வேண்டாம், ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும் மேஜை விளக்கு அந்த மின்சாரத்தில்தான் எரிகிறது. அதனால்தான் இந்தச் சாம்பலில் நமக்கும் பங்கு உண்டு என்கிறோம். விளக்கு நகரம் முழுவதற்கும், சாம்பல் மட்டும் குப்பத்துக்கு என்று பாகம் பிரித்தது எந்த நியாயம்? அன்னியன் ஆண்ட காலத்தில் அவனைக் குறை சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கலாம். இப்போது அந்தச் சௌகரியமும் இல்லை. குழாய் நம்முடையது, சாம்பல் நம்முடையது, சட்டமும் நம்முடையது.

கொலம்பஸ் நகரத்தார் தெப்பம் விட ஆசைப்பட்ட பிறகுதான் அணையை உடைத்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆசை முதலில் வந்தது. ஆறு பிறகு வந்தது. ஆற்றில் கால் நனைக்க ஆசைப்படாத ஊரார் ஆற்றைக் காப்பாற்றப் போவதில்லை. ஆகவே, நம் யாத்திரைத் திட்டத்தைக் கிழித்துப் போடாமல் கொஞ்சம் திருத்தி இங்கே வெளியிடுகிறோம்.

வடசென்னைப் பள்ளிக்கூடங்கள் வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதத்துக்குப் பிறகு, ஒரு வகுப்பை எண்ணூருக்கு அழைத்துப் போகட்டும். படகில் ஏற்றுவதானால் மேலே சொன்ன நிபந்தனைகளோடு, அதிகாரிகளின் அனுமதியும் குப்பத்துப் பெரியவர்களின் சம்மதமும் பெற்றுக் கொண்டு ஏற்றட்டும். இல்லாவிட்டால் கரையில் நின்று பார்ப்பதே போதும். ஏற்றம், வற்றம் நேரங்களைப் பிள்ளைகளே கணக்குப் போடட்டும். குப்பத்துப் பெரியவர் ஒருவரை அன்றைக்கு மட்டும் வாத்தியாராக வைத்துக் கொள்ளட்டும். அவர் ஊன்றும் கோல் எத்தனை அடி உள்ளே போயிற்று, நுனியில் என்ன ஒட்டியது என்பதைத் தேதி போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். அடுத்த வருஷம் அதே இடத்தில், அதே திதியில், மறுபடியும் எழுதட்டும். பத்து வருஷத்து நோட்டுப் புத்தகங்களை மேஜை மேல் வைத்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் வீட்டில் அந்த நோட்டுப் புத்தகம் ஆரம்பமாகிவிட்டது. பெண் பத்திகள் பிரித்துக் கோடு போட்டிருக்கிறாள். தேதி, திதி, ஏற்ற நேரம், கோலின் ஆழம், பார்த்த பறவைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி உண்டு. கடைசிப் பத்திக்கு 'கையை விடலாமா?' என்று தலைப்பு. அதில் இந்த வருஷம் 'இல்லை' என்று எழுதியிருக்கிறாள்.

அந்தப் பத்தியில் என்றைக்காவது 'ஆம்' என்று எழுத அவளுக்குக் கொடுத்து வைக்க வேண்டும். அது வரையில் நாமும் அவளும் வருஷந்தோறும் எண்ணூருக்குப் போவதாய்த் தீர்மானித்திருக்கிறோம். ரிஷிகேசத்து அண்டை வீட்டாரையும் அடுத்த தடவை கூட அழைத்துப் போக உத்தேசம்.